2³² + 1: வடிவமே காட்டிக்கொடுத்த வகுத்தி

4294967297 என்னும் எண்ணைச் சொல்லால் கூறினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 ஆகும். பத்து இலக்க எண்கள் எத்தனையோ கோடி இருக்க, இந்த ஓர் எண் மட்டும் எண் கோட்பாட்டின் வரலாற்றில் தனி இடம் பெற்றிருப்பதற்குக் காரணம், அது 2-இன் 32-ஆம் அடுக்கைவிடச் சரியாக ஒன்று கூடுதலாக இருப்பதே. இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் 1 நிற்க, இடையில் 31 பூச்சியங்கள் வரிசையாக அமையும். 32 பிட் அளவுள்ள நினைவிடத்தில் 4294967295 வரைதான் அடங்கும் என்பதால், கணினியின் அந்தப் பழைய எல்லைக்கு இரண்டு எண் தள்ளி இது நிற்கிறது. பார்வைக்கு இவ்வளவு எளிய அமைப்புள்ள எண் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த எண் கோட்பாட்டாளர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்தது. எந்த வடிவம் அவரை நம்பவைத்ததோ, அதே வடிவம்தான் இந்த எண்ணின் வகுத்திகள் எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. இந்த எண்ணின் பண்புகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த வடிவத்திலிருந்து பிறப்பவை என்பதால், அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

2-இன் ஓர் அடுக்கோடு ஒன்றைக் கூட்டிக் கிடைக்கும் எண் எப்போது பகா எண்ணாக இருக்க முடியும்? அடுக்குக்குறியில் 1-ஐவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஏதேனும் இருந்தால் அது முடியாது. எடுத்துக்காட்டாக, 2⁶ + 1 என்பதை 4³ + 1 என்று எழுதலாம். ஓர் எண்ணின் கனத்தோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் மீதியின்றி வகுபடும் ஆகையால், 65 என்பது 5-ஆல் வகுபடுகிறது. இந்தத் தடையில் சிக்காமல் தப்புவதற்கு அடுக்குக்குறியே 2-இன் அடுக்காக இருக்கவேண்டும். அவ்வாறு 1, 2, 4, 8, 16, 32 என்று அடுக்குக்குறிகளை எடுத்துக்கொண்டால் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் வரிசை கிடைக்கிறது. இவையே ஃபெர்மா எண்கள். முதல் ஐந்தும் பகா எண்கள். 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃப்ரெனிக்லுக்கு எழுதிய கடிதத்தில் பியேர் டி ஃபெர்மா, இவ்வகை எண்கள் அனைத்துமே பகா எண்கள் என்று தாம் கருதுவதைத் தெரிவித்தார். அதற்கான நிறுவல் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வரிசையின் ஆறாவது எண்ணான 4294967297-தான் அவருடைய கருத்தைச் சோதிக்கக்கூடிய முதல் எண்ணாக இருந்தது.

ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1729-இன் இறுதியில், கிறிஸ்டியன் கோல்ட்பாக் இந்தக் கூற்றின்பால் லியோன்ஹார்ட் ஆய்லரின் கவனத்தைத் திருப்பினார். முதலில் ஆய்லர் அதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. பிறகு எடுத்துக்கொண்டவர் 1732-இல் விடையோடு வந்தார்: 4294967297 என்பது 641-ஆல் வகுபடும், ஈவு 6700417.

இதைச் சரிபார்ப்பது மிக எளிது. பெரிய வகுத்தலே தேவையில்லை. 2³² என்பது 65536-இன் வர்க்கம். 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. ஆகவே 2³² + 1-ஐ 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியும் 154² + 1-ஐ வகுக்கும்போது வரும் மீதியும் ஒன்றே. 154-இன் வர்க்கம் 23716. ஒன்றைக் கூட்டினால் 23717. அது 641-இன் 37 மடங்கு. மீதி இல்லை. இதைவிட அழகான இன்னொரு வழியும் உண்டு. 641 என்பதை 5 × 2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது 641-ஐப் பொறுத்தவரை −1-க்குச் சமம், அதாவது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 641-ஆல் வகுபடும்; அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமமாகிறது. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பதற்குப் பதிலாக −2⁴ என்று வைக்கலாம். வைத்தால், −2³² என்பது 1-க்குச் சமம் என்றாகிறது. அதாவது 2³² + 1 என்பது 641-ஆல் வகுபடுகிறது. 641-இன் இரண்டு முகங்களையும் அருகருகே வைத்ததிலேயே முழு நிறுவலும் முடிந்துவிடுகிறது.

சரிபார்ப்பது எளிது, சரி. ஆனால் 641-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குக் கீழே 6542 பகா எண்கள் உள்ளன. சிறியதிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால்கூட, 116-ஆவது பகா எண்ணான 641-இல் தேடல் முடிந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட நெடு வகுத்தல்களைக் கையால் செய்யும் அவசியமே இல்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

பகா எண் ஒன்று 2³² + 1-ஐ வகுக்கிறது என்று கொள்வோம்; அதைப் ப என்று அழைப்போம். அப்படியானால், ப-ஆல் வகுக்கும்போது 2³² தரும் மீதி −1. அதன் வர்க்கமான 2⁶⁴ தரும் மீதி 1. மீதி 1 ஆகும்படி 2-ஐ உயர்த்தத் தேவையான மிகச்சிறிய அடுக்குக்குறி 64-ஐ வகுக்கவேண்டும். ஆனால் 32-ஐ வகுக்கக்கூடாது, ஏனெனில் 32-இல் கிடைப்பது 1 அன்று, −1. 64-இன் வகுத்திகளில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றுவது 64 மட்டுமே. மறுபுறம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கும் 1 என்ற மீதியையே தரும் என்கிறது. மீதி 1 தரும் அடுக்குக்குறி எதுவாயினும் அது அந்த மிகச்சிறிய அடுக்குக்குறியின் மடங்காகவே இருக்கும். ஆகவே ப − 1 என்பது 64-ஆல் வகுபட்டே தீரவேண்டும். இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 64-இன் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும்.

இந்த ஒரே நிபந்தனை, தேடவேண்டிய பரப்பை வியக்கத்தக்க அளவு சுருக்கிவிடுகிறது. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் வரிசையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. முறையே அவற்றால் வகுத்தால் கிடைக்கும் மீதிகள் 109, 2, 325, 288, 0. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை வந்துவிடுகிறது. வகுத்திகளின் இந்த வடிவத்துக்கான நிறுவலை ஆய்லர் பின்னர் எழுதிய கட்டுரையில் வெளியிட்டார்.

இங்கே ஃபெர்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். மேலே பயன்பட்ட சிறு தேற்றம் அவருடையது. அதையும் அவர் அதே 1640-இல்தான் ஃப்ரெனிக்லுக்குத் தெரிவித்தார். அதே ஆண்டில் அவர் 2³⁷ − 1 என்னும் எண் 223-ஆல் வகுபடுவதை ஏறத்தாழ இதே முறையில், அதாவது வகுத்திகள் எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று வரையறுத்து அவற்றை மட்டும் சோதிக்கும் முறையில், கண்டறிந்திருந்தார். ஆகவே 641-ஐ எட்டுவதற்கான கருவி முழுமையாக அவர் கையில் இருந்தது. ஐந்து வகுத்தல்கள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அவர் இந்தச் சோதனையைச் செய்து எங்கோ கணக்கில் சறுக்கியிருக்கவேண்டும் என்று கருதுவோர் உண்டு. அவருடைய ஆற்றலை நோக்க, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

257 தந்த மீதி 2 என்பதும் தற்செயலானதன்று. 2³² − 1 என்பதை (2¹⁶ + 1)(2¹⁶ − 1) என்று பிரிக்கலாம். இரண்டாம் காரணியை அதேபோல் மேலும் பிரித்துக்கொண்டே போனால், முடிவில் 65537 × 257 × 17 × 5 × 3 என்ற பெருக்கல் மிஞ்சுகிறது. அதாவது, முந்தைய ஃபெர்மா எண்கள் எல்லாவற்றையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் கிடைப்பதே 4294967297. ஆகவே அவற்றுள் எதனால் இந்த எண்ணை வகுத்தாலும் மீதி 2-ஆகத்தான் இருக்கும். ஃபெர்மா எண்கள் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதும், அதன் வழியே பகா எண்களுக்கு முடிவில்லை என்பதும் இதிலிருந்து கிடைக்கின்றன. இந்த வாதத்தைக் கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதினார். 641 இங்கே வகுத்தியாகிவிட்டதால், வேறெந்த ஃபெர்மா எண்ணையும் அது ஒருபோதும் வகுக்காது.

1878-இல் எடுவார் லூக்கா வகுத்திகளின் வடிவத்தை இன்னும் ஒரு படி இறுக்கினார்: 64-இன் மடங்கோடு ஒன்று என்பது போதாது, 128-இன் மடங்கோடு ஒன்றாக இருக்கவேண்டும் என்று காட்டினார். இதன் காரணத்தை நம் எண்ணிலேயே நேரடியாகப் பார்க்கலாம். 2²⁴ − 2⁸, அதாவது 16776960, என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கத்தை விரித்தால் 2⁴⁸ − 2³³ + 2¹⁶ ஆகிறது. முதல் உறுப்பும் கடைசி உறுப்பும் சேர்ந்து 2¹⁶ × (2³² + 1) ஆவதால், 4294967297-ஆல் வகுக்கும்போது அவை மறைந்துவிடுகின்றன. எஞ்சும் −2³³ என்பது, 2³² தரும் மீதி −1 என்பதால், 2-க்குச் சமமாகிறது. எனவே 16776960-இன் வர்க்கத்தை 4294967297-ஆல் வகுத்தால் மீதி 2. நம் எண்ணின் உலகில் 2-க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது. மீதி 1-ஐ எட்ட 2-க்கு 64 படிகள் தேவையென்றால், அதன் வர்க்கமூலத்துக்கு 128 படிகள் தேவை. ஆகவே ப − 1 என்பது 128-ஆல் வகுபடவேண்டும். இந்த நிபந்தனையோடு மீண்டும் தேடினால், 129, 257, 385, 513, 641 என்னும் வரிசையில் பகா எண்கள் 257, 641 ஆகிய இரண்டே. 257 ஒரு ஃபெர்மா எண் என்பதால் முன்பே விலக்கப்பட்டுவிட்டது. சோதித்துப் பார்க்கவேண்டிய முதல் எண்ணே 641.

ஈவாகக் கிடைத்த 6700417 பகா எண்ணா என்ற கேள்விக்கும் இதே நிபந்தனை விரைவாக விடையளிக்கிறது. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 4294967297-ஐயும் வகுக்கும் என்பதால், அதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் இருந்தாகவேண்டும். 2588-க்குள், 257 நீங்கலாக, அத்தகைய பகா எண்கள் 641, 769, 1153, 1409 ஆகிய நான்குதான். அவற்றால் 6700417-ஐ வகுத்தால் கிடைக்கும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை, எனவே 6700417 பகா எண். எழுபது லட்சத்தை நெருங்கும் ஓர் எண் பகா எண் என்பதை நான்கே வகுத்தல்களில் நிறுவ முடிவது இந்த வடிவம் தரும் பெரும் சலுகை. இத்துடன் காரணிப்படுத்தல் முழுமை பெறுகிறது: 1, 641, 6700417, 4294967297 என்னும் நான்கைத் தவிர இந்த எண்ணுக்கு வேறு வகுத்திகள் இல்லை. அதற்குக் கீழே அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை 640 × 6700416, அதாவது 4288266240.

இந்த எண்ணின் பண்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக அது அமையும் விதம். 65536² + 1² என்பது அதன் பிறப்பு வடிவம். பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால் அது ஒரே ஒரு வழியில்தான் முடியும் என்பது ஆய்லர் அறிந்து பயன்படுத்திய உண்மை. 4294967297-க்கோ இரண்டாவது வழியும் உண்டு: 62264² + 20449². முதல் வர்க்கம் 3876805696, இரண்டாவது 418161601. கூட்டினால் நம் எண் சரியாக வருகிறது. 20449 என்பது தானே 143-இன் வர்க்கம் என்பது கூடுதல் அழகு. இந்த இரண்டாவது வடிவம் இருப்பதொன்றே, இது பகா எண் அன்று என்பதற்குப் போதுமான சான்று. அதற்கும் மேலாக, இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டே காரணிகளைக் கறந்துவிடலாம். 65536-க்கும் 62264-க்கும் உள்ள வேறுபாடு 3272. 20449-க்கும் 1-க்கும் உள்ள வேறுபாடு 20448. இவ்விரண்டின் மீப்பெரு பொதுக் காரணி 8. வகுத்தால் 409, 2556 ஆகியவை கிடைக்கின்றன. அதேபோல் கூட்டுத்தொகைகள் 127800, 20450. இவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 50. வகுத்தால் மீண்டும் அதே 2556, 409. இப்போது 8, 50 ஆகியவற்றின் பாதிகளான 4, 25 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 641; 409, 2556 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 6700417. வகுத்தல் சோதனை எதுவுமின்றி, இரு காரணிகளும் ஒரே நேரத்தில் வெளிவந்துவிடுகின்றன.

பகா எண்ணா என்று சோதிக்கும் முறைகளிடம் இந்த எண் நடந்துகொள்ளும் விதமும் பாடம் மிக்கது. ஓர் எண் பகா எண்ணானால், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்குறிக்கு 2-ஐ உயர்த்தி அந்த எண்ணால் வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும். 4294967297-இல் ஒன்று குறைத்தால் 2³². அது 64-இன் மடங்கு. 2⁶⁴ தரும் மீதி 1 என்பதை முன்பே கண்டோம். ஆகவே இந்த எண் சோதனையில் தேறிவிடுகிறது, பகு எண்ணாக இருந்தும்கூட. இது இந்த ஓர் எண்ணின் குறையன்று; 2-ஐ அடியாகக் கொண்ட இந்தச் சோதனை எந்தப் ஃபெர்மா எண்ணையும் ஒருபோதும் பிடிக்காது. அடியை 3 என்று மாற்றினால் நிலைமை தலைகீழாகிறது. 1877-இல் தியோபில் பெபான் காட்டியபடி, 3-ஐ விடப் பெரிய ஃபெர்மா எண் பகா எண்ணாக இருப்பதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை, அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கிய அடுக்குக்குறிக்கு 3-ஐ உயர்த்தும்போது மீதி −1 ஆக இருப்பதே. நம் எண்ணுக்கு அது 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்துவதாகும். பகா எண்ணாக இருந்தால் 4294967296 வந்திருக்கவேண்டும், வருவதோ 10324303. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால், 1-க்குப் பதிலாக 3029026160 வருகிறது. 641 என்ற பெயரையே அறியாத ஒருவரும் இதைக் கொண்டு இந்த எண் பகு எண் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

எண்களோடு நின்றிருந்த இந்தக் கதையை வடிவியலோடு இணைத்தவர் காஸ். 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் நேர்விளிம்பும் கொண்டு வரைய முடியும் என்று 1796-இல் கண்டவர், 1801-இல் அதைப் பொதுமைப்படுத்தினார். அதன் மறுதலையை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். பக்கங்களின் எண்ணிக்கை, வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாகவோ, 2-இன் அடுக்காகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருந்தால் மட்டுமே அப்பலகோணத்தை அவ்வாறு வரைய முடியும். அறியப்பட்ட ஃபெர்மாப் பகா எண்கள் ஐந்தே என்பதால், ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட அத்தகைய பலகோணங்கள் 31 வகைதான் நமக்குத் தெரியும். அவற்றுள் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை ஐந்தின் பெருக்கலான 4294967295. அடுத்த எண்ணான 4294967296-உம் 2-இன் அடுக்கு என்பதால் அத்தனை பக்கங்கள் கொண்ட பலகோணத்தையும் வரையலாம். அதற்கும் அடுத்ததான நம் எண்ணில் 641 குறுக்கிடுவதால் முடியாது. ஃபெர்மாவின் கருத்து இந்த ஓர் எண்ணளவில் சரியாக இருந்திருந்தாலே அந்த 31 என்பது 63 ஆகியிருக்கும்.

இந்த முறிவைப் பாஸ்கல் முக்கோணத்திலும், அதாவது ஓரங்களில் 1 நிற்க, உள்ளே ஒவ்வோர் எண்ணும் தனக்கு மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகையாக அமையும் எண் முக்கோணத்திலும், கண்ணால் பார்க்கலாம். முக்கோணத்தின் ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை எண் இருக்குமிடத்தில் 1, இரட்டைப்படை எண் இருக்குமிடத்தில் 0 என்று எழுதி, அந்த வரியை ஓர் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று எண்கள் வருகின்றன. முதல் வரியின் 1-ஐ விட்டுவிட்டால், அடுத்த 31 வரிகளும் மேற்சொன்ன 31 பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகளையே ஏறுவரிசையில் தருகின்றன. 32-ஆவது வரி முழுவதும் 1-களாகி 4294967295 ஆகிறது. 33-ஆவது வரியில் இரு முனைகளில் மட்டும் 1 நிற்க, 4294967297 வருகிறது; ஒத்துப்போன வரிசை அங்கே அறுந்துவிடுகிறது.

இதற்குப் பிந்தைய ஃபெர்மா எண்களில் வகுத்தியைத் தேடும் வேலை கடினமாகிக்கொண்டே போயிற்று. அடுத்ததான 2⁶⁴ + 1 என்பது 274177-ஆல் வகுபடும் என்பதை 1855-இல் கிளாவுசன் கண்டிருந்தார். 1880-இல் லான்ட்ரியும் அதைத் தனியாகக் கண்டறிந்தார். அதற்கடுத்த 2¹²⁸ + 1, 39 இலக்கங்கள் கொண்டது. அது பகு எண் என்பதை 1905-இல் பெபானின் சோதனை காட்டிவிட்டது, ஆனால் அதன் காரணிகள் 1970-இல்தான் கைக்கு வந்தன. ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2³² + 1-இல் தொடங்கி, அடுக்குக்குறி 2³² ஆகும் எண் வரை, இடையிலுள்ள ஃபெர்மா எண்கள் ஒவ்வொன்றும் பகு எண் என்று இன்று நிறுவப்பட்டிருக்கிறது; அவற்றுள் அடுக்குக்குறி 2²⁰, 2²⁴ ஆகிய இரண்டுக்கும் பகு எண் என்ற உண்மை மட்டும் தெரியுமேயொழிய, ஒரு வகுத்திகூட இன்னும் தெரியாது. நிலை அறியப்படாத முதல் ஃபெர்மா எண், அடுக்குக்குறி 2³³ ஆகும்போது வருவது. அதற்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. பெபானின் சோதனையை அதன்மீது நடத்த அத்தகைய எண்ணை 850 கோடி முறைக்கும் மேலாக வர்க்கப்படுத்தவேண்டும். ஆகவே இப்போதைக்குச் செய்யக்கூடியதெல்லாம், 2³⁵-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவிலுள்ள பகா எண்களை, 641-ஐத் தேடிய அதே வழியில், ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்ப்பதுதான். இதுவரை தேடிய எல்லைக்குள் எதுவும் அகப்படவில்லை.